உள்ளத்துக் காயமும் ஊன ஓய்வூதியமும்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஊர்களில் அம்மன் கொடை நடைபெறும் நாட்களில் வேட்டுச் சத்தம் விடியும்வரை ஓய்வதில்லை. சிறுவர்களுக்கு அது பெருங்கொண்டாட்டம். ஆனால், சேரன்மகாதேவிக்கு அருகே கன்னடியன் கால் பாயும் ஓர் ஊரில், முதல் வேட்டு வெடிப்பதற்கு முன்பாகவே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வயற்காட்டை நோக்கிப் புறப்பட்டுவிடும் பெரியவர் ஒருவரை நாம் கண்டோம். கொடை முடிந்து பந்தல் பிரித்த பின்னரே அவர் வீடு திரும்புவார். பிசானப் பருவத்தில் இரவு நீர் பாய்ச்சும் முறை வருகையில் அவரே எல்லோருக்குமாக மடையில் காவல் இருப்பார். இப்படியொரு பொறுப்புள்ள மனிதர் உண்டா என்று ஊர் அவரை மெச்சுகிறது. அவருடைய மனைவியார் நம்மிடம் சொன்னது வேறு: "பொறுப்பு என்ன பொறுப்பு, அண்ணாச்சி! அவிய உறங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு. வீட்ல கெடந்து புரளுததுக்கு மடையில போயி உக்காந்திருக்காவ."

அப்பெரியவர் 1987ஆம் ஆண்டு முதல் 1990 வரை இலங்கையில் பணியாற்றிய இந்திய அமைதி காக்கும் படையில் இருந்தவர். நம் நாட்டு வீரர்கள் ஏறக்குறைய 1,200 பேர் அங்கே உயிர் துறந்தனர். மெட்ராஸ் ரெஜிமென்ட் படைப்பிரிவுகளும் அங்கே பணி செய்தன. நம் ஜில்லாவிலிருந்து சென்ற ஜவான், தான் பேசும் தமிழிலேயே அழுகுரல் எழக் கேட்டான் என்பதை நாம் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெரியவர் 1999இல் ஓய்வு பெற்றார். "வெளியே வரும்போது வைத்தியப் பரிசோதனையில் இதைச் சொன்னீர்களா?" என்று கேட்டோம். "என்ன குறைன்னு கேட்டாக. ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு ரயில் ஏறிட்டேன். வீட்டுக்கு வந்தாப் போதும்னு இருந்தது" என்றார்.

அச்சமயம் அவருடைய தமையனார் மகனும் அங்கே அமர்ந்திருந்தார். அவர் இப்போது ராணுவத்தில் ஹவில்தார், விடுமுறையில் வந்திருக்கிறார். காஷ்மீரத்தில் அவர் சென்ற வண்டிக்கு முன்னால் சென்ற வண்டி குண்டுவெடிப்பில் சிதறியது. அதன் பின்னர் சில மாதங்கள் ராணுவ ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவில் சிகிச்சை பெற்று, மருத்துவத் தரம் குறைக்கப்பட்டுப் பணியைத் தொடர்ந்தார். இன்னும் இரண்டு மாதங்களில் அவர் பணி ஓய்வுக்கான வைத்தியக் குழுவின் முன் செல்லவேண்டும். "ஒண்ணும் இல்லைன்னு சொல்லிரவா, சித்தப்பா? வெளியே வந்தா பேங்குல காவல் வேலைக்குப் போகணும்லா" என்று அவர் கேட்டார். பெரியவர் நெடுநேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் சொன்னதை நீயும் சொல்லாதலே" என்றார்.

அவர் அவ்வாறு சொன்னதன் காரணத்தையும், வைத்தியக் குழுவின் முன் நிகழ்வன யாவை என்பதையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்வது நலம். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத கிராமம் நம் பகுதியில் அரிது.

காலில் குண்டு பாய்ந்தால் ஊர் முழுவதும் அறியும். உள்ளத்தில் பட்ட காயம் வெளியே தெரிவதில்லை. மரணத்தை மிக அண்மையில் கண்டவர்கள் சிலருக்கு அந்நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்பதை உள்ளம் ஏற்பதில்லை. அது கனவிலும் விழிப்பிலும் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. அதனை நினைவூட்டும் இடம், ஓசை, வாடை, மனிதர் ஆகியவற்றிலிருந்து அவர் விலகி ஓடுகிறார். மனைவி மக்களிடத்தும் பற்றற்றவர்போல் ஆகிறார். சிறு ஓசைக்கும் திடுக்கிடுகிறார், காரணமின்றிச் சினங்கொள்கிறார், உறக்கம் கெடுகிறது. இவை ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின், அதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய் என்பர். ராணுவ டாக்டர்கள் சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி. என எழுதுவர்.

நோய் பழையது, பெயர்தான் புதியது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் இதனை 'ஷெல் ஷாக்' என்றனர். அக்காலத்தில் இதனைக் கோழைத்தனம் என்று கருதியவர் பலர். அப்போரில் ஓடிப்போனவர்கள், கோழைகள் என்ற குற்றத்துக்காகச் சுடப்பட்ட பிரிட்டிஷ் படையினர் 306 பேருக்கு 2006இல்தான் அந்நாட்டுப் பார்லிமென்ட் மன்னிப்பு வழங்கியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் நிலையைக் கண்ட பின்னர், 1980இல் அமெரிக்க மனநோய் மருத்துவர்கள் இந்நோய்க்கு இப்போதைய பெயரை அளித்துத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தனர். நம் ஊர்களிலோ 'காத்துக் கருப்பு அடித்துவிட்டது' என்று திருநீறு மந்திரித்துப் போடுவதோடு சரி. திருநீறு இடுவதை நாம் குறை கூறவில்லை. அதனோடு டாக்டரிடமும் செல்க என்றுதான் சொல்லுகிறோம்.

இனி ஓய்வூதிய விஷயத்துக்கு வருவோம். ராணுவத்தில் பணியாற்றிய ஒருவருக்கு ஊன ஓய்வூதியம் கிடைக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. அவருடைய நோயோ காயமோ ராணுவப் பணியால் ஏற்பட்டதாக, அல்லது பணியால் மோசமடைந்ததாக இருத்தல் வேண்டும். அதன் அளவு 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். முதலாவது நிபந்தனையில்தான் மனநோய்க்காரர்கள் பெரும்பாலும் தவறி விழுகின்றனர். 'பணியால் ஏற்பட்டதும் அன்று, பணியால் மோசமானதும் அன்று' என்று வைத்தியக் குழு எழுதிவிட்டால் கதவு அடைபட்டுவிடும். அந்த ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஜவான்கள் 'நானா' என்பர். தமிழில் அது 'நானா?' என்ற கேள்வியாக ஒலிப்பது தற்செயல்தான். ஆயினும், மனநோயாளியை நோக்கி 'இதற்குக் காரணம் நீயே' என்று சொல்வதுபோல அச்சொல் தைக்கிறது.

எந்தச் சூழ்நிலையில் மனநோயைப் பணியால் ஏற்பட்டதாகக் கொள்ளலாம் என்று ராணுவ டாக்டர்களுக்கு வழிகாட்டும் கையேடு ஒன்று உண்டு. 2002ஆம் ஆண்டில் வெளியாகி 2008இல் திருத்தப்பட்ட அக்கையேட்டின் 54ஆம் பத்தி இதனைத் தெளிவாகவே கூறிற்று. போர்முனை, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கை நடக்கும் பகுதி, மிக உயர்ந்த மலைப்பகுதி, தன்னந்தனியான காவல் நிலை ஆகியவற்றில் பணியாற்றுகையில் தோன்றிய மனநோய், உயிர்ச்சேதம் விளைந்த வண்டி விபத்தை அடுத்துத் தோன்றியது, பூகம்பம், புயல், சுனாமி முதலியவற்றில் பிணங்களை அகற்றும் பணியில் ஈடுபட்டபோது தோன்றியது ஆகியவற்றை அது பணியால் விளைந்தவையாக ஏற்றுக்கொண்டது. கை கால் இழத்தல் போன்ற கொடிய காயம் பட்டு ஓராண்டுக்குள் தோன்றும் மனநோயையும், பி.டி.எஸ்.டி.யைப் பெயர் சொல்லியே, அதில் சேர்த்திருந்தனர். ஒரே மகனாக இருந்தும் தாய் தந்தையர் இறந்தபோது பணியின் அவசரத்தால் விடுமுறை மறுக்கப்பட்டு, மூன்று மாதத்துக்குள் நோய் தோன்றினால், அது பணியால் மோசமடைந்ததாகக் கொள்ளப்பட்டது. இவற்றைப் படிக்கையில் ஒன்று விளங்கும். நோயின் பெயரை அறிவதோடு வைத்தியக் குழுவின் வேலை முடிவதில்லை. அந்நோய் எங்கே, எப்போது, எதன்பின் தோன்றியது என்பதையும் அது தேடுகிறது. அதற்கு விடை கொடுக்கவேண்டியவர் ஜவான்.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகளும் புதிய கையேடும் அமலுக்கு வந்துள்ளன. அத்தேதிக்குப் பின் பணியிலிருந்து விலகுவோருக்கு அவை பொருந்தும். தாழ்ந்த மருத்துவத் தரத்தோடு பணிக்காலத்தை முழுவதும் முடித்து வெளிவருவோர் பெறும் தொகைக்கு அவ்விதிகள் வேறு பெயரும் கொடுத்துள்ளன. நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பைக் கேட்பது அவற்றிலும் மாறவில்லை. எந்த விதி தமக்கு உரியது என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலிலேயே கேட்டறிந்துகொள்ளுதல் வேண்டும். பழைய விதியை நம்பி விண்ணப்பம் எழுதி ஏமாந்தவர்கள் உண்டு.

ஹவில்தார் சந்திக்கப்போகும் வைத்தியக் குழு மூன்று ராணுவ டாக்டர்களைக் கொண்டது. ஆயினும் மனநோய் விஷயத்தில் மூவரும் எடுத்த எடுப்பில் முடிவு செய்வதில்லை. முதலில் மனநோய் டாக்டர் தனியே பார்த்துத் தம் கருத்தை எழுதுவார். தேவையானால் சில நாட்கள் ஆஸ்பத்திரியில் தங்கச் செய்து கவனிப்பார்கள். அன்றியும், படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் அந்த ஜவானைப் பற்றி ஓர் அறிக்கை அனுப்புவார். வேலையில் எப்படி, தோழர்களோடு எப்படி, மது அருந்துகிறாரா, குடும்பத்தில் தொல்லை உண்டா என்பனவெல்லாம் அதில் இருக்கும். அறிக்கை எழுதுபவர் அண்மையில் மாறுதலாகி வந்த அதிகாரியாக இருந்தால், குண்டு வெடித்த நாளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆதலால் அந்நாளின் விவரத்தையும், அப்போதைய படைப்பிரிவின் பெயரையும், ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதியையும் தாமே அவருக்கு நினைவூட்டுதல் நன்று.

மருத்துவத் தரத்தை ராணுவத்தில் 'ஷேப்' என்ற ஐந்தெழுத்தால் குறிப்பர். அதன் முதலெழுத்தாகிய 'எஸ்' மன நிலையைக் குறிக்கும். எஸ்-1 என்றால் குறையில்லை. எண் ஏற ஏறக் குறை மிகுதி.

அடுத்து வருவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 என்னும் படிவம். இதன் முதற்பகுதியை ஜவானே நிரப்பிக் கையெழுத்திடவேண்டும். எந்தெந்த ஊரில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பணி செய்தார், அது போர்ப் பகுதியா அமைதிப் பகுதியா, நோய் முதன்முதலில் எப்போது எங்கே தோன்றியது, எங்கெல்லாம் சிகிச்சை பெற்றார், ராணுவத்தில் சேர்வதற்கு முன்னமே இந்நோய் இருந்ததா என்பன அதிலுள்ள கேள்விகள். பார்வைக்கு இது ரேஷன் கார்டு விண்ணப்பம்போலச் சாதாரணமாகத் தோன்றும். பிற்காலத்தில் மேல்முறையீடு செய்தாலும், வழக்குத் தொடுத்தாலும், எல்லோரும் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். பெரியவர் 1999இல் 'ஒன்றுமில்லை' என்று எழுதியது இவ்வாறான பக்கத்தில்தான். வரிசையில் நின்றுகொண்டு, பக்கத்திலிருக்கும் எழுத்தரின் அவசரத்துக்காக நிரப்பவேண்டிய படிவம் அன்று அது. தாம் இருந்த இடங்களையும் தேதிகளையும் வீட்டிலிருந்தே ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்லவேண்டும். எழுதாததன் கீழே கையெழுத்திடலாகாது.

மனநோய் டாக்டரின் முன் என்ன நடக்கும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அவர் மின்சாரம் பாய்ச்சுவதில்லை, கட்டிப்போடுவதும் இல்லை. பேசுவார், பேசவிட்டுக் கவனிப்பார். உடை ஒழுங்காக இருக்கிறதா, முகம் பார்த்துப் பேசுகிறாரா, கேள்விக்குப் பொருத்தமாக விடை வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்வார். உறக்கம், பசி, ஞாபகம், சினம், மது ஆகியவற்றைப் பற்றிக் கேட்பார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது வந்ததுண்டா என்றும் கேட்பார். இக்கேள்வியைக் கேட்டுச் சீறுபவர்கள் உண்டு. அது எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி. உண்மையான விடை அளிக்கவேண்டிய கேள்வி. கடைசியாக, நடந்த நிகழ்ச்சியைச் சொல்லும்படி கேட்கலாம். சொல்லும்போது நா வறளும், கை நடுங்கும், அழுகையும் வரலாம். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. முழுக் கதையும் சொல்ல இயலாவிட்டால் 'இதற்கு மேல் சொல்ல முடியவில்லை' என்றே கூறலாம். அதுவும் ஒரு விடையே.

இவ்விடத்தில் நமது ஜவான்கள் செய்யும் பிழை ஒன்றுண்டு. 'எப்படி இருக்கிறாய்?' என்று அதிகாரி கேட்டால் 'நன்றாக இருக்கிறேன், சாப்' என்று நிமிர்ந்து நின்று சொல்லுவது பட்டாளத்தில் கற்ற பழக்கம். பரிசோதனை அறையிலும் வாய் தானாகவே அவ்விடையைச் சொல்லிவிடுகிறது. 'உறக்கம் வருகிறதா?' என்றால் 'வருகிறது' என்பார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து மடைக்குச் சென்று உட்காருவதைச் சொல்லமாட்டார். 'நான் மிகவும் கஷ்டப்படுகிறேன்' என்பது போன்ற பொதுவான பேச்சும் பயன்படாது. வாரத்தில் எத்தனை இரவு கனவு கண்டு எழுகிறார், கடைசியாக எப்போது கொடை பார்த்தார், பேருந்தில் எந்த இருக்கையில் அமர்கிறார், மகளின் கலியாணத்தில் வேட்டுச் சத்தம் கேட்டு எங்கே சென்று நின்றார் என்று நடந்தவற்றைச் சொன்னால் டாக்டருக்கு நிலைமை விளங்கும். இல்லாததை மிகைப்படுத்திச் சொல்வதும் தவறு. அனுபவமுள்ள டாக்டர் அதனை எளிதில் கண்டுகொள்வார். ஒரு பொய் பிடிபட்டால் ஒன்பது உண்மைகளும் உடன் அடிபட்டுப்போகும்.

'குடும்பத்தில் வேறு யாருக்கேனும் மனநோய் உண்டா?' என்ற கேள்வியும் வரும். அறிந்த உண்மையை மறைக்கலாகாது. ஆனால், பேச்சுவாக்கில் 'எங்கள் தாத்தாவுக்கும் பேய் பிடித்திருந்ததாம்' என்று கேள்விப்பட்ட கதையை ஒருவர் சொல்ல, அது 'குடும்பத்தில் மனநோய் உண்டு' என்று ஏட்டில் ஏறி, நோய் பரம்பரையானது என்பதற்கு ஆதாரமாகிவிடக் கூடும். தாம் நேரில் அறியாததை அறியேன் என்று சொல்வதே முறை.

மதுவைப் பற்றியும் மறைவின்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. உறக்கம் வராதவர் கேண்டீன் புட்டியை நாடுகிறார். நாளடைவில் ஊராரின் கண்ணுக்குக் குடி மட்டும் தெரிகிறது. அதன் கீழே உள்ள நோய் தெரிவதில்லை. பரிசோதனையிலும் அவ்வாறே நேரலாம். குடிப்பதுண்டு எனில் ஒப்புக்கொள்க. எப்போது தொடங்கிற்று, எதற்காகத் தொடங்கிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுக. நடந்துவரும் மருந்தைப் பரிசோதனைக்காக நிறுத்துவதும் கூடாது. நோய் நன்றாகத் தெரியட்டும் என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிட்டு வழியிலேயே நிலைகுலைந்து போவது பேராபத்து.

பேங்கு வேலையைப் பற்றிய ஹவில்தாரின் கவலை பொருளற்றது அன்று. டி.எஸ்.சி. எனப்படும் பாதுகாப்புக் காவற் படையில் மீண்டும் சேரவும், வேறு சில காவல் வேலைகளுக்கும் மருத்துவத் தரம் பார்க்கப்படுகிறது. அத்தகைய வேலையைக் கருதி நோயை மறைப்பவர்களை நாம் பழிக்கமாட்டோம், குடும்பம் நடத்தவேண்டுமல்லவா? ஆயினும், இரவில் துப்பாக்கியோடு தனியே நிற்கும் வேலை இந்நோய் உடையவருக்கு ஏற்றதா என்பதை அவரும் மனைவியும் கலந்து யோசித்தல் வேண்டும். கணக்கையும் பார்க்கட்டும். பழைய விதிகளில் 100 விழுக்காட்டு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு ஊனப்பகுதியாக வழங்கப்பட்டது. குறைந்த ஊனத்துக்கு அவ்வீதப்படி குறையும். 50 விழுக்காட்டுக்குக் குறைந்ததை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகை பணிக்காலத்தை முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ரூ. 40,000 சம்பளம் பெற்ற ஒருவருக்குக் குழு 20 விழுக்காடு என எழுதியிருந்தால், அது 50 ஆகக் கொள்ளப்பட்டு மாதம் ரூ. 6,000 கிடைக்கும், பணிக்கால ஓய்வூதியம் தனி, அகவிலைப்படி வேறு. புதிய விதிகளின்கீழ் வருவோர் தமக்குரிய வீதத்தை நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்க.

குழு தன் முடிவை எழுதியபின் அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். கொடுக்கத் தாமதித்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். 'நானா' என்று எழுதப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, 1982ஆம் ஆண்டு விதிகளை ஆராய்ந்து, சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் எழுதப்படாதவர் நல்ல உடல்நிலையோடும் மனநிலையோடும் சேர்ந்தவராகவே கொள்ளப்படவேண்டும் என்றும், ஐயத்தின் பயன் வீரருக்கே என்றும், குழு காரணம் கூறவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2025 மே மாதத்திலும், மனநோய்க்காக அனுப்பப்பட்ட ஒரு ஜவானின் வழக்கில், காரணம் கூறாத குழுவின் கருத்தை ஏற்க மறுத்து ஓய்வூதியம் வழங்க உத்தரவிட்டது. மறுபுறத்தையும் சொல்லவேண்டும். 2019 அக்டோபரில் அதே கோர்ட்டு, ராணுவத்தில் தோன்றிய மனநோய் ஒவ்வொன்றும் பணியால் விளைந்ததாகிவிடாது, சேரும்போது கண்டுபிடிக்க இயலாத மனநோய்களும் உண்டு என்று கூறி ஒரு ஜவானின் முறையீட்டைத் தள்ளியது. ஆகவே, கோர்ட்டு பார்த்துக்கொள்ளும் என்று படிவத்தில் அலட்சியமாக இருத்தல் ஆகாது.

கோரிக்கை மறுக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது. அதன்பின் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயம். நம் மாவட்டத்தார் அதன் சென்னைக் கிளைக்குச் செல்லவேண்டும். மேல்முறையீட்டில் மறு பரிசோதனைக்கு உத்தரவானால், திருவனந்தபுரம், சென்னை, பெங்களூர் முதலிய இடங்களிலுள்ள ராணுவ ஆஸ்பத்திரிகளில் ஒன்றுக்கு வரும்படி கடிதம் வரலாம். அக்கடிதம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். அதனைப் பிரித்துப் படியாமல் பரணில் செருகிவைத்து, தேதி தவறிப்போன பின் நம்மிடம் கொண்டுவந்து காட்டிய குடும்பம் ஒன்றை நாம் அறிவோம்.

காலதாமதத்தின் விலை பெரிது. ஓய்வூதியம் மாதந்தோறும் எழும் உரிமையாதலால் பல ஆண்டுகள் கழித்தும் கேட்கலாம். ஆனால் 2008இல் தர்சேம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பாக்கித் தொகையை வழக்குத் தொடுத்ததற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே வரையறுத்தது. அன்றியும், 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓய்வு பெற்று 15 ஆண்டுகளுக்குப் பின்னர், பணி ஏடுகள் கால எல்லைப்படி அழிக்கப்பட்டபின் கோருபவர், தம் உரிமையைத் தாமே நிரூபிக்கவேண்டும். நம் பெரியவரின் நிலை இதுதான். அவருடைய ஏட்டில் ஒரு வரியும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அவர் கண்டதற்கு இன்று அவர் மட்டுமே சாட்சி.

அவருக்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று கருதவேண்டாம். ஓய்வூதியம் வேறு, சிகிச்சை வேறு. முன்னாள் படைவீரர்களுக்காக 2003இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் மனநோய்க்கும் சிகிச்சை உண்டு. பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநோய்ப் பிரிவு இருக்கிறது. இந்நோய்க்கு மருந்தும் உண்டு. முறையாகப் பயின்றவரிடம் பேசிப் பேசிக் குணமாக்கும் முறையும் உண்டு. 30 ஆண்டுகளுக்குப் பின்னர் உறங்கத் தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். 'குணமானால் ஓய்வூதியம் போய்விடுமே' என்று அஞ்சிச் சிகிச்சைக்குச் செல்லாதவர்களுக்கு ஒரு செய்தி: நிரந்தரமானது என்று குழு தீர்மானித்த ஊனத்தை, அவரே கேட்டாலன்றி மறு பரிசோதனை செய்வதில்லை என்று 2001 பிப்ரவரியிலேயே மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. இரவில் மனம் தாங்காதபோது 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் தரும் சான்றிதழ் வேறு. ராணுவக் குழு எழுதும் விழுக்காடு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைப் பெற இயலாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதில் செய்யக்கூடியது யாது? தலைவரின் கடிதம் வைத்தியக் குழுவைக் கட்டுப்படுத்தாது. எனினும், விவரம் சரியாக எழுதப்பட்ட கடிதம் டாக்டரின் பார்வைக்கு உதவும். 'இவர் பைத்தியம் பிடித்தவர். கருணை காட்டவும்' என்று எழுதுவதில் பயனில்லை. அவருக்கு அது அவமானமும் ஆகும். 'இன்ன ஆண்டு விடுமுறையில் வந்தது முதல் இவர் கொடை நாட்களில் ஊரில் தங்குவதில்லை. இரவில் பெரும்பாலும் மடையில் இருப்பதை நாங்கள் நேரில் பார்க்கிறோம். ராணுவத்தில் சேர்வதற்கு முன் இவ்வாறு இருந்ததில்லை, அக்காலத்தில் ஊர்க் கபடிக் குழுவில் ஆடியவர்' என்று, கண்டதை மட்டும் எழுதுக. சேர்வதற்கு முன் அவர் எப்படி இருந்தார் என்பதை ஊர்தான் அறியும். எந்த ராணுவ ஏட்டிலும் அது இராது. இவ்விஷயத்தைக் கிராம சபையில் பேசலாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்குச் சென்று பேசுங்கள். மனைவியையும் தாயையும் கேளுங்கள். உடன் செல்ல ஆளில்லாத குடும்பத்துக்கு ஒருவர் துணை போகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென நடத்தப்படும் குறைதீர்க்கும் கூட்டத்தின் தேதியை அறிந்து சொல்லலாம்.

நாம் புறப்பட்ட அன்று ஹவில்தார் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் 2006 முதல் தாம் இருந்த ஊர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். தேதி மறந்த இடங்களில் மனைவி, 'மூத்தவன் பிறந்த வருஷம்', 'வாய்க்கா உடைஞ்ச வருஷம்' என்று எடுத்துக் கொடுத்தார். குண்டு வெடித்த நாளுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பெரியவர் நோட்டை வாங்கி, தேதியையும் இடத்தையும் மட்டும் தம் கையால் எழுதிவிட்டு, மீதியை நாளைக்கு எழுதலாம் என்று மூடிவைத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் நல அலுவலகத்துக்குச் செல்வதாக இருக்கிறார்கள். பெரியவர் தம்முடைய பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் தேடி எடுத்து வைத்திருக்கிறார்.